படித்துப் பார்த்துத் தரும் விருது: உடற்கல்வியில் தொடக்கநிலை ஆய்வாளர்களைப் பாராட்டும் முறை

உடற்கல்வித் துறைகள் நடத்தும் கருத்தரங்குகளில் நிறைவு விழா பெரும்பாலும் மாலை நாலரை மணிக்குத் தொடங்கும். வெளியூர்க்காரர்கள் பேருந்தைப் பிடிக்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். மேடையில் ‘சிறந்த இளம் ஆய்வாளர்’ என்று ஒரு பெயர் வாசிக்கப்படும். பொன்னாடை போர்த்துவார்கள், கேடயம் கொடுப்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள். அந்த இளைஞர் எதை ஆராய்ந்தார், என்ன கண்டார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. முனைவர் பட்டம் பெற்ற மறு ஆண்டு எனக்கும் அப்படி ஒரு கேடயம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, அச்சான கட்டுரையை ஆசையோடு புரட்டியபோது, முடிவுகளைத் தாங்கியிருக்க வேண்டிய மூன்றாம் அட்டவணையே அதில் விடுபட்டிருந்தது. அதை நடுவர்கள் கவனிக்கவில்லை, தொகுப்பாசிரியரும் கவனிக்கவில்லை. என் கட்டுரையை ஒருவரும் படிக்காமலேயே எனக்கு விருது கொடுத்திருக்கிறார்கள் என்று அன்று உணர்ந்த வருத்தம் இன்றும் நினைவிருக்கிறது.

ஆய்வாளரைப் பாராட்டுவதென்றால் முதலில் அவர் எழுதியதைப் படிக்க வேண்டும். கேடயமும் தொகையும் அதற்குப் பிறகு வருபவை. ஒரு பல்கலைக்கழகத் துறையோ, உடற்கல்வியியல் கல்லூரியோ, ஆசிரியர் சங்கமோ தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பாராட்டை ஏற்பாடு செய்ய விரும்பினால் எப்படிச் செய்யலாம் என்பதை, நடுவராக இருந்து கற்றவற்றிலிருந்து இங்கே எழுதுகிறேன். சென்னையில் ஹாரி க்ரோ பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்ட, உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் எனத் தனிப் பல்கலைக்கழகமே இயங்கும் தமிழ்நாட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

யாரைத் தொடக்கநிலை ஆய்வாளர் என்பது

முதல் தவறு வயது வரம்பில் தொடங்குகிறது. ‘35 வயதுக்கு உட்பட்டவர்கள்’ என்று அறிவிப்பில் ஒரு வரி போட்டால், இயற்பியல் துறைக்கு அது ஓரளவு பொருந்தலாம். நம் துறைக்குப் பொருந்தாது. நம்மிடம் ஆய்வுக்கு வருபவர்களில் பலர் முதலில் விளையாட்டு வீரர்கள். இருபதுகளின் பெரும்பகுதியை மைதானத்தில் கழித்து, பி.பி.எட்., எம்.பி.எட். ஆகிய உடற்கல்விப் பட்டங்களை முடித்து, பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்கள் அவர்கள். நாற்பது வயதில் வாய்மொழித் தேர்வு முடிக்கும் ஓர் உடற்கல்வி ஆசிரியர், ஆய்வு வாழ்க்கையின் முதல் ஆண்டில்தான் இருக்கிறார்.

ஆகவே வயதை விட்டுவிட்டு, வாய்மொழித் தேர்வு முடிந்த நாளிலிருந்து ஆண்டுகளைக் கணக்கிடுங்கள். ஏழு ஆண்டுகள் என்பது நியாயமான எல்லை. அதற்குள்ளும் இடைவெளிகளைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஆய்வுக் குழுமம் தான் தரும் ஆய்வு நிதிகளுக்கான தகுதிக் காலத்தைக் கணக்கிடும்போது, தாய்மாருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் நீட்டிப்புத் தருகிறது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளே பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பையும் கூடுதல் ஆய்வுக் காலத்தையும் அனுமதிக்கின்றன. பட்டத்துக்கு உள்ள இந்த இரக்கம் விருதுக்கும் இருப்பதுதான் முறை. பெரிய காயம், நீண்ட நோய், பெற்றோரைப் பராமரித்த காலம், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்து களப்பணியே செய்ய முடியாமற்போன மாதங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குச் சான்றிதழ்கள் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம். விண்ணப்பதாரர் எழுதிக் கையெழுத்திடும் ஒரு பத்தி போதும்.

முனைவர் பட்டம் இல்லாமலேயே தன் பள்ளியில் நல்ல ஆய்வு செய்யும் ஆசிரியரும் இருக்கிறார். அவருக்கென ஒரு தனிப் பிரிவு வையுங்கள். அவரையும் முழுநேர ஆய்வாளரையும் ஒரே தராசில் எடைபோட்டால் இருவருக்கும் நீதி கிடைக்காது.

எதைத் தேடுவது

சோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் உடற்கல்வி என்று தேடிப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசையாக வரும்: இத்தனை வாரப் பிளையோமெட்ரிக் (தாவிக் குதிக்கும்) பயிற்சி அல்லது யோகப் பயிற்சி, தேர்ந்தெடுத்த உடல்திறன் மாறிகளில் ஏற்படுத்தும் விளைவு, கல்லூரி ஆண் விளையாட்டு வீரர்களிடம். முன் சோதனை, பின் சோதனை, உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஷெஃபே சோதனை ஆகிய புள்ளியியல் கணக்குகள் என்று முடிவு வரை நடையும் ஒன்றுதான். இவற்றை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. பயிற்சி அறிவியலுக்கு இவை தேவை, நன்றாகச் செய்யப்பட்டவையும் உண்டு. ஆனால் விளையாட்டுக் கற்பித்தலியல் கேட்கும் கேள்வி வேறு. ஓர் ஆசிரியர் கற்பிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது, யார் கற்கிறார், யார் ஓரத்தில் நிற்கிறார், ஏன் என்பதே அந்தக் கேள்வி.

இப்படி ஒரு விண்ணப்பம் வருவதாக வைத்துக்கொள்வோம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் உடற்கல்வி ஆசிரியை ஒருவர், சக ஆசிரியரின் ஒன்பதாம் வகுப்புப் பாடவேளையில் வேப்பமரத்தடியில் அமர்ந்து, கட்டம் போட்ட நோட்டில் கோடு கோடாகக் குறிக்கிறார். நாற்பது நிமிடப் பாடவேளை. வகுப்பறையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நிற்க ஒன்பது நிமிடம். வருகைப் பதிவுக்கு நான்கு. செய்து காட்டும்போது நின்று பார்த்தது ஆறு. மீதியில் இரண்டு வாலிபால்கள், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்திக்கு நேராக மூன்று கோடுகள்தான் இருக்கின்றன: அன்று அவள் பந்தைத் தொட்டது மூன்று முறை. அடுத்த பக்கத்தில், ஆடுகளத்தை நான்காகப் பிரித்து, வலைக்குப் பதில் கயிறு கட்டி, உள்ளூர் ரப்பர் பந்துகளைச் சேர்த்த பின் அதே சிறுமிக்கு எத்தனை கோடுகள் விழுந்தன என்று இருக்கிறது.

அந்த நோட்டில் ஒரு பெரிய ஆய்வு மரபின் வேர் இருக்கிறது. வகுப்பு நேரத்தில் மாணவர் தமக்கேற்ற கடினத்தில் உண்மையாகப் பயிற்சி செய்யும் பகுதி எவ்வளவு என்று அளக்கும் முறையை, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேரில் சீடென்டாப்பும் அவருடைய மாணவர்களும் உடற்கல்விக்கு ஏற்ப உருவாக்கினார்கள். 1982-இல் லஃப்பரோவில் பங்கரும் தார்ப்பும் முன்வைத்த, நுட்பத்துக்கு முன் ஆட்டத்தைப் புரியவைக்கும் கற்பித்தல் முறையும் இதே அக்கறையிலிருந்து பிறந்தது. அந்த ஆசிரியைக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அவர் கேட்ட கேள்வியின் தரத்தை அடையாளம் காண வேண்டிய பொறுப்பு நடுவருடையது.

அறிவிப்பும் விண்ணப்பமும்

விண்ணப்பக் கட்டணம் வாங்காதீர்கள். கருத்தரங்கில் பதிவு செய்தால்தான் விருதுக்குத் தகுதி என்றும் சொல்லாதீர்கள். கட்டணம் கட்டியவருக்கே கேடயம் என்ற நடைமுறை நம் துறையில் பரவியிருப்பதால்தான், உண்மையான விருதுக்கும் மதிப்புக் குறைந்திருக்கிறது. துறைத்தலைவரின் பரிந்துரை கட்டாயம் என்ற நிபந்தனையும் வேண்டாம். தானே விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் நெறியாளரிடம் நல்ல பெயர் வாங்கியவர்கள் மட்டுமே வருவார்கள்.

கேட்க வேண்டியவை மிகக் குறைவு. விண்ணப்பதாரர் தம்முடையதில் சிறந்தது என்று கருதும் ஒரே ஒரு கட்டுரை அல்லது ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம்; அந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு என்ன விடை தந்தது, ஆசிரியர் ஒருவர் அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று விளக்கும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு; கூட்டுக் கட்டுரையாக இருந்தால், யார் எதைச் செய்தார்கள் என்ற அரைப் பக்க விவரம். இந்த மூன்றும் போதும். கட்டுரைகளின் எண்ணிக்கை, கருத்தரங்குச் சான்றிதழ்கள், முழுத் தன்விவரம் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் அவை வந்து சேரும். வந்து சேர்ந்தால் நடுவர்கள் எண்ணத் தொடங்குவார்கள்.

தமிழ்க் குறிப்பை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட முடிகிறது. அதையே ஒரு பள்ளி ஆசிரியர் படிப்பார் என்று நினைத்துத் தமிழில் எழுத உட்காரும்போது, எவ்வளவு வேறுபாடு, யாரிடம், எத்தனை நாளில் என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஆய்வாளருக்குத் தம் ஆய்வு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பது அந்த இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

கடைசி நாளை முடிவு செய்யும்போது நம் மக்களின் நாட்காட்டியைப் பாருங்கள். பள்ளி திறந்த சில வாரங்களில் அருகருகே உள்ள பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிடும். பிறகு வருவாய் மாவட்டம், மாநிலம் என்று உடற்கல்வி ஆசிரியர் பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாளை ஒட்டி விருதை அறிவிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பள்ளி ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத பருவம் அது. டிசம்பர் நடுப்பகுதியில் விண்ணப்பங்களை முடித்து, பொதுத்தேர்வுப் பணிகள் தொடங்குமுன் முடிவை அறிவிப்பது நல்லது.

படிப்பவர்களும் படிக்கும் முறையும்

ஐந்து பேர் கொண்ட குழு போதும். அதில் இன்றும் பள்ளியில் பாடம் எடுக்கும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். புள்ளியியல் நன்கறிந்தவர் ஒருவர், நேர்காணலும் உற்றுநோக்கலும் சார்ந்த பண்புசார் ஆய்வுகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், வேறு மாநிலத்தவரோ வெளிநாட்டில் பணிபுரிபவரோ ஒருவர், பெண்கள் குறைந்தது இருவர் என்று அமையட்டும். நெறியாளராக இருந்தவர், ஆய்வேட்டை மதிப்பிட்ட தேர்வாளர், உடன் எழுதியவர், ஒரே துறையில் பணிபுரிபவர், உறவினர் ஆகியோர் அந்த விண்ணப்பத்தைப் படிக்கவும் கூடாது, அதைப் பற்றிய பேச்சின்போது அறையில் இருக்கவும் கூடாது. நம் துறை சிறியது; எல்லாரும் எல்லாரையும் அறிவோம். அதனால்தான் இந்த விதியை எழுத்தில் வைத்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.

இதழின் பெயரைப் பார்த்து மதிப்பிடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்று காட்டும் தாக்கக் குறியீட்டைத் தனி ஆய்வாளரின் தரத்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது என்று, ஆய்வு மதிப்பீடு பற்றி 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை சொன்னது. நம் நாட்டில் நிலைமை இன்னும் தெளிவு. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தொடங்கிய, ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் ‘கேர்’ பட்டியலை 2025-இல் கைவிட்டுவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. சாய்ந்துகொள்ள இனிப் பட்டியல் இல்லை. கட்டுரையைப் படித்துத்தான் தீர வேண்டும்.

ஒவ்வொரு கட்டுரையையும் இருவர், ஒருவரோடொருவர் பேசாமல், தனித்தனியே படித்து அரைப் பக்கம் எழுத வேண்டும். மதிப்பெண் போடுவது அதற்குப் பிறகுதான். படிக்கும்போது நான் முதலில் தேடுவது, குழந்தைகள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகளின்படி பெற்றோரின் இசைவோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை வாய்மொழியாகவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்திலும். ‘தலைமையாசிரியரிடம் அனுமதி பெறப்பட்டது’ என்ற ஒற்றை வரி இதற்கு ஈடாகாது. வகுப்பே பார்க்க எடைக்கருவியில் ஏற்றி எண்ணை உரக்கச் சொன்னார்களா, முகம் தெரியும் படங்களைக் கட்டுரையில் போட்டிருக்கிறார்களா, ஒப்பிடுவதற்காகப் பயிற்சி தராமல் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழு என்ற பெயரில் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம் விளையாட்டே இல்லாமல் செய்துவிட்டார்களா என்று பாருங்கள். இதில் தவறிய ஆய்வு மற்றெல்லாவற்றிலும் சிறந்திருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, சொல்வதற்கும் செய்ததற்கும் உள்ள இடைவெளி. ‘சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர்’, அதாவது குலுக்கல் போலப் பிரித்தோம், என்று எழுதியிருக்கும். முறையியல் பகுதியை நிதானமாகப் படித்தால், 9-ஏ பிரிவு சோதனைக் குழு, 9-பி பிரிவு கட்டுப்பாட்டுக் குழு என்று முழு வகுப்புகளையே எடுத்திருப்பது தெரியும். பள்ளியில் அப்படித்தான் செய்ய முடியும், அதில் குற்றமில்லை. அதை உள்ளபடி எழுதி, இரு வகுப்புகளுக்கும் ஏற்கெனவே இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆய்வாளர் உயர்ந்தவர். குழுவுக்குப் பதினைந்து பேர் வைத்துக்கொண்டு மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் பரிந்துரை வழங்குபவரைவிட, ‘என் பள்ளியில் இப்படி நடந்தது, இன்னொரு பள்ளியில் செய்து பார்க்க வேண்டும்’ என்பவரையே நான் நம்புவேன். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதிய கட்டுரை வந்தால், அதை இரண்டு முறை படியுங்கள். நம் துறையில் அது அபூர்வம்.

பண்புசார் ஆய்வானால், மாற்றுத்திறனாளி மாணவரோ மாதவிடாய் நாட்களில் ஓரமாக அமரும் மாணவியோ சொன்னது அவர்கள் சொன்னபடி கட்டுரைக்கு வந்திருக்கிறதா, ஆய்வாளர் முன்பே முடிவு செய்ததற்கு ஒத்துவரும் வரிகள் மட்டும் வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவற்றைச் சதவீத அட்டவணை இல்லை என்ற காரணத்துக்காகக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் நடுவர்களிடம் இருக்கிறது. அதைக் குழுத்தலைவர் தடுக்க வேண்டும்.

கூட்டுக் கட்டுரையில் நெறியாளரின் பெயர் முதலில் நின்றால் பங்களிப்பு விவரத்தைக் கவனமாகப் படியுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியர் என்று பெயர் போட்டுக்கொள்ள நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வை வகுப்பதிலோ தரவைத் திரட்டிப் பகுப்பதிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்திருக்க வேண்டும். மாணவர் வெயிலில் நின்று திரட்டி, இரவில் அமர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் பெயரை முதலில் போடுவதைக் காட்டிலும் பெரிய பாராட்டை எந்த மேடையும் தந்துவிட முடியாது. விருது ஏற்பாடு செய்யும் துறை, முதலில் தன் வீட்டில் இதைச் செய்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

என்ன கொடுப்பது

நேரமும் அவையும் கொடுங்கள். தேர்வானவரைக் கருத்தரங்கின் முதல் நாள் காலையில், அரங்கு நிறைந்திருக்கும்போது, நாற்பது நிமிடம் பேசச் சொல்லுங்கள். அறிமுகம் செய்பவர், அந்தக் கட்டுரையைப் படித்த நடுவராக இருக்கட்டும். ஊரையும் பட்டங்களையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, கட்டுரையில் தம்மை நிறுத்திய இடம் எது என்று சொல்லட்டும். பேச்சுக்குப் பின் இருபது நிமிடம் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள்.

தொகை இருந்தால், எதற்கென்று கட்டுப்படுத்தாமல் கொடுங்கள். ஒருவருக்குக் குரல்பதிவுக் கருவி தேவைப்படும், இன்னொருவருக்குப் பயணச் செலவு. 1962-இல் லிஸ்பனில் தொடங்கிய உடற்கல்வி உயர்கல்வி நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஏ.ஐ.ஈ.எஸ்.ஈ.பி. நடத்தும் மாநாடுகள்தான் இத்துறையினர் உலகெங்கிலுமிருந்து கூடும் இடம். ஓராண்டு உறுப்பினர் கட்டணத்தைச் செலுத்தி, மாநாட்டுக்கு அனுப்பும் கட்டுரைச் சுருக்கத்தை எழுத ஒரு மூத்தவரை உதவிக்கு அமர்த்தினாலே அந்தக் கதவு திறக்கும்.

பள்ளி ஆசிரியர் தேர்வானால் இன்னொரு கடமை இருக்கிறது. அவருடைய தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், நிகழ்ச்சி நாட்களை ஓ.டி.யாக (பணியில் இருந்த நாட்களாக) கருதும்படி முன்கூட்டியே முறையான கடிதம் அனுப்புங்கள். அதில், அவர் என்ன ஆய்வு செய்தார் என்று தமிழில் நான்கு வரி இருக்கட்டும். ‘பி.டி. பீரியட்’ என்றால் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் நேரம் என்று நினைக்கும் பள்ளியில், அந்தக் கடிதம் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் ஒட்டப்பட்டிருப்பதற்குப் பொருள் உண்டு.

தேர்வு பெறாதவர்களை மறந்துவிடாதீர்கள். முடிவு அறிவித்த ஒரு மாதத்துக்குள், ஒவ்வொருவர் கட்டுரையைப் பற்றியும் இரு நடுவர்கள் எழுதிய அரைப் பக்கங்களைப் பெயர் நீக்கி அவரவருக்கு அனுப்பிவையுங்கள். கடுஞ்சொல் இருந்தால் குழுத்தலைவர் திருத்தட்டும். குறையை மட்டும் மறைக்க வேண்டாம். எட்டாம் பக்கத்தில் அட்டவணை விடுபட்டிருக்கிறது, மாதிரியின் அளவு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது என்று குறித்திருந்தால், அவர் அன்றிரவே திருத்த உட்காருவார். விருது பெற்றவரை இரண்டு ஆண்டுகள் கழித்து நடுவர் குழுவுக்கு அழையுங்கள். முதல் ஆண்டில் மூத்த நடுவர் ஒருவரோடு சேர்ந்து இரண்டு கட்டுரைகளை மட்டும் படிக்கக் கொடுங்கள்.